கடலுக்கு அன்னபேதி கொடுக்கலாமா?

நண்பர்களே, ஆடி மாதத்தில் தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போயிருக்கிறீர்களா? சாயங்காலக் கூட்டத்தையும் சுண்டலையும் சொல்லவில்லை. மத்தியானம் மூணு மணி வாக்கில், ஈ காக்கை இல்லாத நேரத்தில் போக வேண்டும். மேல்காற்று முதுகில் அறையும். கேப்பர் மலைப் பக்கமிருந்தும் பண்ருட்டி ரோட்டிலிருந்தும் கிளம்பி வந்த செம்மண் புழுதி நம் சட்டையில் பாதி, கடலில் பாதி என்று விழும். ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்போது புழுதி பறக்காதா என்ன! வெள்ளைச் சட்டை போட்டுப் போனவன் வீட்டில் திட்டு வாங்குவதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அந்தப் புழுதி கடலுக்கு ஆகாரம் என்று ஒரு புத்தகத்தில் படித்தபோது முதலில் நம்பவில்லை.

செம்மண் ஏன் சிவப்பு? இரும்பு. துருவின் நிறம்தான் அது. நம் ஊர்ப் பெயரிலேயே ‘கடலூர் மணற்கல்’ என்று ஒரு பாறை அடுக்கு புவியியல் புத்தகங்களில் இருக்கிறது. கேப்பர் மலையின் சிவப்பெல்லாம் அதில் ஊறிய இரும்புதான். சரி, இவ்வளவு பெரிய கடலில் இல்லாத இரும்பா, புழுதி கொண்டுவந்து கொட்ட வேண்டுமா என்று கேட்பீர்கள். அங்கேதான் வேடிக்கை. நடுக்கடலின் மேல்நீரில் ஆயிரம் டன் தண்ணீரை எடுத்தால், அதாவது எண்பது டேங்கர் லாரி, அதில் கரைந்த இரும்பு ஒரு கிராம்கூடத் தேறாது.

காரணம் நம் கெமிஸ்ட்ரி லேபிலேயே இருக்கிறது. பச்சை நிறப் பெரஸ் சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்து ஒரு நாள் திறந்து வைத்தால் பழுப்பாகிக் கலங்கி அடியில் படியும். ஆக்சிஜன் பட்ட இரும்பு கரைந்து நிற்காது. ஆதிகாலத்துக் கடலில் ஆக்சிஜன் கிடையாது. இரும்பு தாராளமாகக் கரைந்திருந்தது. பிறகு நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை வெளியிட ஆரம்பித்ததும் அந்த இரும்பு பெரும்பாலும் துருவாகிக் கீழே உட்கார்ந்துவிட்டது. அப்படிக் கடலடியில் படிந்த இரும்பு இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? சேலத்துக் கஞ்சமலையில்! இரும்புத்தாது மலை என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது ஒரு காலத்தில் கடல் தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு.

கடலிலோ இரும்பு வேண்டிய வாய்கள் ஏராளம். கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் ஒரு சொட்டு வெள்ளாற்றுத் தண்ணீரை மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கொடுத்தார்கள். டயாட்டம் என்ற பாசி, கண்ணாடி ஓடு போட்ட நகைப்பெட்டி மாதிரி இருந்தது. இந்த ஜாதிகள் எல்லாம் சேர்ந்துதான் உலகத்தின் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதியைச் செய்கின்றன. கரியமில வாயுவை இழுத்துத் தன் உடம்பாக்கிக்கொள்கின்றன. அதைத் தின்பது கூனிப்பூச்சி, அதைத் தின்பது மத்தி, மத்தியைத் தின்பது வஞ்சிரம், வஞ்சிரத்தைத் தின்பது நாம். பச்சையம் தயாரிக்க இவற்றுக்கு இரும்பு வேண்டும். உலகக் கடல்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கில் மற்ற உரச் சத்தெல்லாம் இருந்தும் பாசி வளர்வதில்லை. விருந்து முழுக்கச் சமைத்துவிட்டு உப்பு வாங்க மறந்த கதை.

அந்த உப்பைக் கொண்டுவருவதில் காற்றுக்குப் பெரிய பங்கு. ஆண்டுக்குச் சுமார் 45 கோடி டன் புழுதி உலகக் கடல்களில் விழுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பகுதி சகாரா போன்ற பாலைவனங்களின் உபயம். நம்ம ஆடிப் புழுதி அதில் ஒரு சிட்டிகை. அரபிக்கடலில் குளிர்காலத்தில் புழுதிப் புயல் வீசிய பின் பாசி பெருகுவதை நம் விஞ்ஞானிகளே சாட்டிலைட் படங்களில் கண்டிருக்கிறார்கள். 2019-20இல் ஆஸ்திரேலியக் காடுகள் எரிந்தபோது அந்தச் சாம்பலும் புகையும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தென்கடலில் விழுந்து, அங்கே அந்தக் கண்டத்தைவிடப் பெரிய பரப்பில் பாசி பூத்தது.

இதையெல்லாம் பார்த்த மனுஷனுக்குக் கை சும்மா இருக்குமா? அமெரிக்காவில் ஜான் மார்ட்டின் என்று ஒரு விஞ்ஞானி. போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர். அரைக் கப்பல் இரும்பு கொடுத்தால் பனியுகத்தையே வரவழைத்துக் காட்டுகிறேன் என்ற பொருளில் 1988இல் பாதி விளையாட்டாகப் பேசினார். பனியுகங்களில் புழுதி அதிகம், காற்றில் கரியமில வாயு குறைவு என்பதை அண்டார்டிகாப் பனிக்கட்டி காட்டியது. அதை வைத்துத்தான் அந்தப் பேச்சு. 1993இல் அவர் இறந்த சில மாதத்திலேயே பசிபிக் கடலில் இரும்பு போட்டுப் பார்த்தார்கள். பாசி வளர்ந்தது. அதன் பிறகு பல சோதனைகள் நடந்தன.

அவற்றில் ஒன்று நம் நாட்டுடையது. அதைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர் லோஹாஃபெக்ஸ். லோஹா என்றால் இந்தியில் இரும்பு. நம்ம உலோகத்துக்குப் பங்காளி. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து, 2009 ஜனவரியில் கேப்டவுனிலிருந்து ‘போலார்ஸ்டெர்ன்’ என்ற கப்பலில் கிளம்பினார்கள். விஞ்ஞானிகளில் பாதிக்கு மேல் இந்தியர்கள். கிளம்பியதுமே தகராறு. கடலை நாசமாக்குகிறார்கள் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்த்தன. 2008இல் பான் நகரில் உலக நாடுகள் கூடி, இந்த வேலைக்கு இப்போதைக்கு அனுமதி கொடுக்காதீர்கள், கரையோரமாகச் சின்ன ஆராய்ச்சி என்றால் பரவாயில்லை என்று தீர்மானம் போட்டிருந்தன. ஜெர்மன் சுற்றுச்சூழல் அமைச்சகம் நிறுத்தச் சொன்னது. ஆராய்ச்சி அமைச்சகம் நிபுணர்களைக் கேட்டுவிட்டு ஜனவரி கடைசியில் பச்சைக்கொடி காட்டியது.

தென்கடலில் ஒரு பெரிய நீர்ச்சுழலைத் தேர்ந்தெடுத்து, அதன் நடுவே சுமார் 300 சதுர கிலோமீட்டரில் பெரஸ் சல்பேட்டைக் கரைத்து விட்டார்கள். பெரஸ் சல்பேட் என்றால் வேறொன்றுமில்லை, நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும் அன்னபேதி. சித்த வைத்தியத்தில் சோகைக்கு அன்னபேதிச் செந்தூரம் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிப் பெண்களுக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரையிலும் அதுதான். நம் பக்கத்து மல்லாட்டையும் கரும்பும் இலை வெளுத்தால் தெளிப்பதும் அதுதான். கடலுக்கு ரத்தசோகை, ஆகவே அன்னபேதி!

39 நாள் உட்கார்ந்து பார்த்தார்கள். பாசி வளர்ந்தது உண்மை. ஆனால் எதிர்பார்த்த பாசி வளரவில்லை. டயாட்டம் ஓடு கட்ட சிலிக்கா வேண்டும். அந்த நீரில் சிலிக்கா ஏற்கெனவே தீர்ந்திருந்தது. ஓடில்லாத சின்னப் பாசிகள் பெருகின. அவற்றைக் கோப்பிபாட் என்ற பொடி ஜந்துக்கள் மேய்ந்தன. கோப்பிபாட்களை அதைவிடப் பெரிய ஜந்துக்கள் பிடித்துத் தின்றன. சாப்பிட்டது எல்லாம் மூச்சாக வெளியே வந்துவிட்டது. ஆழத்துக்குப் போன கார்பன் அற்பம். இதே கப்பலில் 2004இல் வேறொரு சுழலில் நடந்த சோதனையில் டயாட்டம் கொத்துக்கொத்தாகச் செத்து ஆயிரம் மீட்டருக்குக் கீழே இறங்கியது. அதே கடல், அதே மருந்து, இரண்டு விளைவு. ஆழத்தில் இறங்கிய கார்பன்தான் நூற்றாண்டுக் கணக்கில் கீழே கிடக்கும். மேலேயே சுற்றுவது சீக்கிரமே திரும்பக் காற்றுக்கு வந்துவிடும். வட்டிக்கு வாங்கி வட்டிக்கே கட்டுகிற மாதிரி.

இந்தச் சோதனையே தப்பு என்று சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். பல நாள் குளிரில் நின்று நம்மவர்கள் அளந்து பார்த்ததால்தான் ‘இது எல்லா இடத்திலும் பலிக்காது’ என்று கையில் கணக்கோடு சொல்ல முடிகிறது. என் எதிர்ப்பு எல்லாம் அடுத்த கூட்டத்தின் மேல்தான். கடலில் இரும்பைத் தூவி, இத்தனை டன் கார்பனைப் புதைத்தோம் என்று சீட்டு எழுதி, அந்தச் சீட்டைப் புகை விடும் ஆலைக்கு விற்கலாம் என்று கிளம்பியவர்கள்! 2012இல் கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் சுமார் 100 டன் இரும்புச் சரக்கைக் கொட்டினார்கள். பணம் போட்டது யார்? ஹைடா என்ற பழங்குடி மக்களின் ஒரு மீனவக் கிராமம். சால்மன் மீன் பெருகும், கார்பன் சீட்டும் விற்கலாம் என்று சொல்லப்பட்டது. அரசாங்க விசாரணை வந்ததுதான் மிச்சம்.

இதைத் தேவனாம்பட்டினத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டார். “ஏந் தம்பி, பாசி வந்தா மீனு வரும்னு எவன் சொன்னான்? எந்தப் பாசின்னு பாக்க வேணாமா? தண்ணி நெறம் மாறுனா நாங்க வலையே போட மாட்டோம்” என்றார். நியாயம்தானே? 2019இல் மன்னார் வளைகுடாவில் மண்டபம் பக்கம் தண்ணீர் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியதற்கும் பாசிப் பெருக்கம்தான் காரணம். “சும்மாவே கடல்ல என்னென்னவோ வந்து கலக்குது. இதுல மருந்துன்னு வேற கொட்டணுமா?” என்று அவர் கேட்டது எதைச் சொல்கிறது என்று கடலூர்க்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை.

நம் வங்காள விரிகுடாவுக்கு இந்த மருந்து பொருந்தவே பொருந்தாது என்பது என் கட்சி. கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி என்று ஆறுகள் கொட்டும் நல்ல தண்ணீர் லேசானது. அது உப்புத் தண்ணீர் மேல் மூடி மாதிரி மிதக்கிறது. கீழேயுள்ள நைட்ரேட் மேலே ஏற முடிவதில்லை. இங்கே குறை பெரும்பாலும் அதுதான். இரும்பு ஆற்று வண்டலிலும் வருகிறது, காற்றிலும் வருகிறது. அதே வண்டல்தான் செத்த பாசியோடு ஒட்டிக் கனம் கொடுத்து அடியில் இறக்குகிறது. யாரும் சீட்டு எழுதாமலே நடக்கிற வேலை.

காற்றில் வருவதில் இன்னொரு சங்கதி. அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தார் இரண்டு கடல் மேலும் காற்றுத் தூசியைப் பிடித்துச் சோதித்தார்கள். அரபிக்கடல் தூசியில் இரும்பு சரியாகக் கரையவில்லை. வங்கக்கடல் தூசியில் பல மடங்கு கரைந்தது. நிலத்திலிருந்து வரும் புகையும் அதிலுள்ள அமிலமும் காரணம். துருப்பிடித்த அரிவாளில் புளி தேய்த்த மாதிரி. இதைச் சொன்னதும் என் ரூம்மேட் குதித்தான்: “அப்போ புகை நல்லதுடா, கடலுக்கு டானிக்!” அவனுக்கு அன்று இரவு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு டன் பழுப்பு நிலக்கரியில் கார்பன் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே. கார்பன் 12, கரியமில வாயு 44. பெருக்கிப் பார்த்தால் ஒரு டன் கரிக்கு ஏறக்குறைய ஒரு டன் வாயு. அந்தப் புகையில் வரும் சிட்டிகை இரும்பு இதில் எவ்வளவைத் திரும்பப் பிடிக்கும் என்று அவனையே எழுதச் சொன்னேன். பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தூங்கிவிட்டான்.

நம் வகுப்பில் பாதிப் பேர் நாளைக்குப் பாய்லர் பக்கத்தில் நிற்கப் போகிறவர்கள். கடலில் எதைக் கொட்டி இந்தப் புகையைச் சரிக்கட்டலாம் என்பதை யாராவது பேசிக்கொள்ளட்டும். இந்த வருஷ இண்டஸ்ட்ரியல் விசிட்டில் நான் கேட்கப்போவது வேறு: ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை கிலோ கரி எரிக்கிறீர்கள், அதைப் போன வருஷத்தைவிட எவ்வளவு குறைத்தீர்கள்? பதில் கிடைத்தால் அடுத்த மலரில் எழுதுகிறேன்.