ஜீப் ஷெட் அறையில் கரி அடுப்பு வேண்டாம்!

“கீழ்ப்பழனி மலையில் காப்பி, மிளகு, மலைவாழை சாகுபடி செய்கிறோம். அப்பாவுக்கு 78 வயது. மாடிப்படி ஏற முடியவில்லை. அதனால், வீட்டை ஒட்டியிருந்த ஜீப் ஷெட்டை அவருக்குப் படுக்கையறையாக மாற்றிவிட்டோம். 10-க்கு 16 அடி. மேலே தகரக் கூரை. முன்பக்கம் இன்னும் ஷட்டர்தான் இருக்கிறது. மார்கழிக் குளிரை அவரால் தாங்க முடியவில்லை. ‘இரவில் கரி அடுப்பு வைத்தால் போதும்’ என்று தோட்டத்து ஆட்கள் சொல்கிறார்கள். ஹீட்டர் வாங்குவதா, விறகு அடுப்பு கட்டுவதா?”

- வாசகர், பண்ணைக்காடு.

எதை வாங்குவது என்பதைப் பிறகு பார்க்கலாம். கரி அடுப்பு மட்டும் அந்த அறைக்குள் போகவே கூடாது. 2024-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், கொடைக்கானலில் விடுதி அறையில் தங்கியிருந்த இரண்டு இளைஞர்கள் தூக்கத்திலேயே இறந்துபோனார்கள். இறைச்சி சுடுவதற்காக மூட்டிய கரி அடுப்பு, அணையாமல் அறைக்குள் இருந்ததுதான் காரணம்.

கரி நன்றாகக் கனிந்த பிறகு புகை வராது. அதனால் ஆபத்து இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். புகை நின்ற பிறகும் கரியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு வாயு வந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக இந்த வாயு ஒட்டிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் வரும். தூங்குபவருக்கு எதுவும் தெரியாது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பதும் தவறான நம்பிக்கை. இளைஞர்களுக்கே இந்தக் கதி என்றால், 78 வதில் இருப்பவரின் உடம்பு எப்படித் தாங்கும்?

முதலில் கூரையை மூடுங்கள்

ஷெட், வண்டி நிற்பதற்காகக் கட்டியது. வெப்பத்தைப் பிடித்து வைக்காது. வெளியே 12 டிகிரி குளிர் இருக்கும்போது, உள்ளே 20 டிகிரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 160 சதுர அடி தகரக் கூரை வழியாக மட்டுமே ஏறக்குறைய 800 வாட் வெப்பம் வெளியேறிவிடும். 1,000 வாட் ஹீட்டர் வாங்கி வைத்தால், அதில் முக்கால் பங்குக்கு மேல் வானத்துக்குத்தான் போகும்.

தகரத்துக்குக் கீழே 2 அங்குல கனத்தில் தெர்மாகோல் பலகை வைத்து ஃபால்ஸ் சீலிங் போட்டால், இந்த இழப்பு 100 வாட்டுக்கும் கீழே வந்துவிடும். தெர்மாகோல் தீப்பற்றும் பொருள். எனவே, அதன் அடிப்பக்கத்தை ஜிப்சம் போர்டு அல்லது சிமென்ட் போர்டால் முழுவதுமாக மூட வேண்டும். ஷட்டரைக் கழற்றிவிட்டு சுவர் எழுப்பி, கதவும் ஜன்னலும் வைக்க வேண்டும். சிமென்ட் தரையில் தேங்காய்நார் விரிப்பு போட்டால் பாதம் சில்லிடாது. இந்தச் செலவு ஒருமுறைதான். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும்.

ஷெட்டில் டீசல் கேன், பூச்சிமருந்து, உர மூட்டை இருந்தால் அத்தனையும் வேறு இடத்துக்கு மாற வேண்டும். ஜெனரேட்டரையும் ஜன்னல் ஓரத்தில் வைக்கக் கூடாது. அதன் புகையிலும் அதே விஷவாயு உண்டு.

மின்சார ஹீட்டர்

முதியவர் இரவு முழுக்கத் தூங்கும் அறைக்கு, ஆயில் ரேடியேட்டர் வகை ஹீட்டர்தான் பொருத்தமானது. கம்பி சிவக்காது, காற்றை வறட்டாக ஊதாது, சத்தம் இல்லை. கூரையை மூடிய பிறகு, இந்த அளவு அறைக்கு 1,000 முதல் 1,500 வாட் போதும். கம்பி சிவக்கும் ராடு ஹீட்டர் விலை குறைவு. ஆனால், கம்பளி நழுவி அதன் மேல் விழுந்தால் தீப்பிடிக்கும். எந்த ஹீட்டராக இருந்தாலும் கட்டிலிலிருந்து மூன்றடி தள்ளியே இருக்க வேண்டும். அதன் மேல் ஈரத்துணி காயப் போடக் கூடாது.

ராடு, புளோயர், ஆயில் ரேடியேட்டர் எதுவானாலும் ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கிடைக்கும் வெப்பம் ஒன்றுதான். ‘மின்சாரம் மிச்சம்’ என்ற விளம்பரத்தை நம்பி கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். சூடும் தரும் இன்வெர்ட்டர் ஏ.சி மட்டும் இதற்கு விலக்கு. ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் அளவு வெப்பம் தரும். முதலீடுதான் அதிகம்.

1,000 வாட் ஹீட்டர் தினமும் 5 மணி நேரம் ஓடினால், 60 நாளில் 300 யூனிட் ஆகும். வீட்டின் மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டராக வாங்கினால், தேவையான சூடு வந்ததும் தானாக நின்றுகொள்ளும். பம்புசெட்டுக்கான இலவச மின்சாரத்திலிருந்து இதற்கு ஒயர் இழுப்பது சட்டப்படி தவறு.

ஷெட்டில் பல்பு எரிவதற்குப் போட்ட பழைய ஒயர் இந்தச் சுமையைத் தாங்காது. 16 ஆம்பியர் பிளக், குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், சரியான எர்த், ஆர்.சி.சி.பி ஆகியவை அவசியம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டரைச் செருகக் கூடாது. மலையில் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால், 1,000 வாட் ஹீட்டர் 600 வாட் அளவுக்குத்தான் சூடு தரும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

விறகு அடுப்பு

காப்பித் தோட்டம் உள்ளவர்களுக்கு நிழல்மரக் கவாத்துக் கிளைகளும், பழைய காப்பித் தூர்களும் கையில் இருக்கும் எரிபொருள். மின்சாரம் நின்றாலும் கைகொடுக்கும். ஆனால், கதவுள்ள இரும்பு அடுப்பும், கூரையைத் துளைத்து மூன்றடி மேலே போகும் புகைபோக்கியும் கட்டாயம். அடுப்புக்கு வெளிக்காற்று வர வழி வேண்டும். குழாய் கடக்கும் இடத்தில் தெர்மாகோல் இருக்கவே கூடாது. விறகு ஆறு மாதமாவது நிழலில் காய்ந்திருக்க வேண்டும். பச்சை விறகின் கரிப்பிசின் குழாயை அடைத்துவிடும். தூங்கப் போகும்போது அடுப்பில் கங்கு இருக்கக் கூடாது. இரவில் எழுந்து அடுப்பைப் பார்க்க முடியாத பெரியவர் தனியாகப் படுக்கும் அறைக்கு இது ஏற்றதல்ல. குடும்பம் உட்காரும் கூடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரும் படுக்கையறைக்கு வேண்டாம்.

ஆகவே, பண்ணைக்காடு வாசகருக்கு வரிசை இதுதான். முதலில் கூரையும் ஷட்டரும், அடுத்து ஒயரிங், கடைசியாக ஹீட்டர். மின்சாரம் போகும் இரவுக்கு இரண்டு கம்பளியும், துணி சுற்றிய வெந்நீர்ப் பையும் போதும். எங்காவது மூடிய அறைக்குள் கரி மூட்டி யாராவது மயங்கிக் கிடந்தால், கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு அவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-க்கு அழைக்க வேண்டும். ‘கரி அடுப்பு போதும்’ என்ற தோட்டத்து ஆட்களிடமும் இதைச் சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் குடிசையிலும் குழந்தைகள் தூங்குகிறார்கள்.