ஒரு லிட்டர் கிணற்றுத் தண்ணீர்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசு உள்துறைச் செயலர் அவர்களுக்கு,

அரசு மருத்துவமனைப் பிணவறைகளில் முப்பது வருடம் கத்தி பிடித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு கடிதம் எழுதுகிறவர்களைப் பார்த்து, "பதவியில் இருந்தபோது வாய் திறந்தாரா?" என்று நானே கேலி செய்திருக்கிறேன். இப்போது அந்தக் கேலி எனக்கும் சேரும். சேரட்டும்.

பிணவறை மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் இருக்கிறது. ஆனால் உடலோடு வருகிற காவலரும், எலும்பைச் சோதிக்கும் தடய அறிவியல் ஆய்வகமும் தங்கள் துறையின் கீழ். எனவேதான் இந்த மடல் தங்களுக்கு. கேட்கப்போவது பெரிய தொகை இல்லை. ஒரு பாட்டில் தண்ணீர்.

ஒரு சித்திரை மாதம். கிணற்றிலிருந்து எடுத்த இளம்பெண்ணின் உடல் வந்தது. கல்யாணமாகி நான்கு வருடம். ஏழு வருடத்துக்குள் என்பதால் கோட்டாட்சியர் விசாரணை. அவளைக் காணவில்லை என்று தேடத் தொடங்கி இரண்டாம் நாள்தான் உடல் மிதந்திருக்கிறது. வெயில் காலத்தில் இரண்டு நாள் என்றால் உடல் எப்படி இருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. நீரில் மூழ்கி இறந்தவர்களின் மூக்கிலும் வாயிலும் வெள்ளை நுரை நிற்கும். துடைத்தால் மறுபடி வரும். நுரையீரல் புடைத்து, விலா எலும்பின் தடம் பதிந்திருக்கும். அதன் மேல்தோலுக்கடியில் வெளிறிய சிவப்புத் திட்டுகள் தெரியும். 1888-இல் அவற்றை எழுதிவைத்த பால்டாஃப் பெயராலேயே அழைக்கிறோம். கைக்குள் இறுகப் பிடித்த பாசியோ புல்லோ இருந்தால், உயிரோடுதான் தண்ணீருக்குள் போனார் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். அந்தப் பெண்ணிடம் இவற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. கை கால் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. செத்த உடலைப் போட்டாலும் அது அப்படித்தான் ஆகும்.

தொடை எலும்பை எடுத்து, நீரில் வாழும் டயாட்டம் என்ற நுண்பாசிக்கான சோதனைக்கு அனுப்புவது என்று முடிவு செய்தேன். ஒப்பிட அந்தக் கிணற்று நீரும் வேண்டும். "கிணத்துத் தண்ணி எங்கே?" என்றேன். உடன் வந்த ஏட்டு தலையைச் சொறிந்தார். வெளியே போனவர் பத்தே நிமிடத்தில் ஒரு குளிர்பான பாட்டில் நிறையத் தண்ணீரோடு வந்தார். பத்து நிமிடத்தில் எந்தக் கிணறு என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். அன்றைக்கு வரிசையில் இன்னும் மூன்று உடல்கள். முத்திரை வைத்து அனுப்பினேன்.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்னைக் குடைந்தது வேறொரு இடத்தில். "இதயத்தின் இடது, வலது அறை ரத்தத்தில் குளோரைடு பார்த்தீர்களா?" இல்லை. "பாடப்புத்தகத்தில் அந்தச் சோதனை இருக்கிறதா?" இருக்கிறது. அவ்வளவுதான், அமர்ந்துவிட்டார்.

இருக்கிறது என்பது உண்மை. 1921-இல் நியூயார்க் நகரத்தின் வேதியியலாளர் அலெக்சாண்டர் கெட்லர் சொன்ன சோதனை அது. நல்ல தண்ணீரைவிட ரத்தம் உப்பு மிகுந்தது. ஆகவே ஆற்றிலோ கிணற்றிலோ மூழ்குகிறவரின் நுரையீரலுக்குள் போன நீரை ரத்தம் உறிஞ்சிக்கொள்ளும். நுரையீரலிலிருந்து இடது இதயத்துக்கு வரும் ரத்தம் நீர்த்து, அதில் குளோரைடு குறையும். கடல்நீர் ரத்தத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் உப்பானது. அங்கே எல்லாம் தலைகீழ், இடது பக்கம் குளோரைடு கூடும். இரு பக்கத்துக்கும் 100 மில்லிக்கு 25 மில்லிகிராம் வித்தியாசம் இருந்தால் மூழ்கிய சாவு என்றார் கெட்லர். அழகான யோசனை. மாணவனாக அதைப் படித்த இரவு, இனி எந்தக் கிணறும் என்னிடம் பொய் சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் உயிர் போன பின்பும் உடம்புக்குள் வேதியியல் நிற்பதில்லை. சிவப்பணுக்கள் உடைகின்றன, உப்புகள் ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குக் கசிகின்றன. சில மணி நேரத்துக்குப் பிறகு இடது வலது கணக்கே குழம்பிவிடும். அடுத்த அடி 1960-களில் ஜெரோம் மாடலின் ஆய்வுகளிலிருந்து விழுந்தது. ரத்த உப்புகள் கண்ணில்படும்படி மாற, உடல் எடையில் கிலோவுக்கு 22 மில்லிக்கு மேல் நீர் நுரையீரலுக்குள் போயாக வேண்டும். மூழ்கியவர்களில் 85 விழுக்காட்டினருக்கு அந்த அளவு போவதில்லை என்று அவர் கணித்தார். அறுபது கிலோ உடம்புக்கு அது 1.3 லிட்டர். சோதனைகளில் நாய்களைத் தொட்டியில் மூழ்கடித்துக் கண்ட பெரிய மாற்றங்கள் மனிதர்களிடம் ஏன் தென்படவில்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது. கெட்லரின் சோதனையை உலகம் கைவிட்டு வெகுநாளாகிறது. நம் குறுக்கு விசாரணைகள் மட்டும் கைவிடவில்லை.

கடல் வேறு கதை. கடல்நீரில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் அளவில் ஸ்ட்ரான்ஷியம் இருக்கிறது. நம் ரத்தத்தில் அதன் சுவடுதான் உண்டு. இடது இதய ரத்தத்தில் அது எகிறினால் கடல்நீரை இழுத்துக்கொண்டபோது இதயம் துடித்தது என்று சொல்ல வழியுண்டு. கண்ணுக்குள் இருக்கும் திரவத்தில் சோடியமும் குளோரைடும் ஏறுவதைப் பார்க்கிறவர்களும் உண்டு. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை வைத்திருக்கும் மாநிலத்துக்கு இவை வழக்கமான சோதனைகளாக வேண்டியவை. இவற்றுக்கும் காலக்கெடு உண்டு; உடல் நெடுநேரம் கடலில் கிடந்தால் உப்பு தானாகவே ஊறிவிடும். கிணற்றுக்கும் ஏரிக்கும் இவற்றை நம்பி உட்கார முடியாது.

ஆக, அழுகிய உடலுக்கு மிஞ்சுவது டயாட்டம். கண்ணுக்குத் தெரியாத பாசி வகை. ஓடு சிலிக்காவால் ஆனது, நைட்ரிக் அமிலத்தில் எலும்பு மச்சை கரைந்தாலும் இது கரையாது. செத்தவரைத் தண்ணீரில் போட்டால் நுரையீரல் வரை நீர் கசியலாம். தொடை எலும்பின் மச்சைக்கு டயாட்டத்தைக் கொண்டுசேர்க்க ஓடுகிற ரத்தம் வேண்டும். இதிலும் ஓட்டை உண்டு. சாப்பாட்டிலும் காற்றிலும் வந்த டயாட்டம் மூழ்காதவர் உடலிலும் இருக்கலாம். சில கிணறுகளில் டயாட்டமே அரிது. அதனால்தான் அந்தக் கிணற்றுத் தண்ணீரை அருகில் வைத்து, இரண்டிலும் இருப்பது ஒரே வகைதானா என்று பார்க்க வேண்டும். பருவம் மாறினால் நீரில் இருக்கும் வகைகளும் மாறும். ஆறு மாதம் கழித்து, நீதிமன்றம் கேட்டதும் மொண்டுவரும் தண்ணீரால் பயனில்லை.

அந்த வழக்கில் ஆய்வகம் எலும்பில் சில டயாட்டங்கள் இருப்பதாகவும், அனுப்பிய நீரோடு அவை ஒத்துப்போகவில்லை என்றும் எழுதியது. அதை வைத்து, வேறெங்கோ மூழ்கடித்துக் கிணற்றில் போட்டார்கள் என்று ஒரு தரப்பு. மருத்துவருக்கு ஒன்றும் தெரியாது என்று இன்னொரு தரப்பு. வழக்கு முடிந்து சில வருடம் கழித்து, ஓய்வு பெற்றிருந்த அதே ஏட்டை ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்தேன். இலை போடும்போது, பேச்சுவாக்கில் சொன்னார்: "அது மார்ச்சுவரி குழாய்த் தண்ணிங்க டாக்டர். எல்லாம் தண்ணிதானேன்னு நெனச்சேன்." அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யாராவது அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால்தானே.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194-ஆம் பிரிவின்கீழ் நடக்கும் பிரேத விசாரணைக்குத் தங்கள் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். நீரிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு உடலுக்கும், உடல் கிடைத்த அன்றே, கிடைத்த இடத்திலேயே ஒரு லிட்டர் நீர். கூடவே ஒரு தாளில் நீரின் ஆழம், படிக்கட்டு உண்டா, செருப்பு எங்கே கிடந்தது, இறந்தவருக்கு வலிப்பு உண்டா, நீச்சல் தெரியுமா என்பது. வலிப்புக்காரர் முழங்கால் தண்ணீரில் இறந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதை எனக்குச் சொன்னது நுரையீரல் அல்ல, அவர் தங்கை. மூழ்கிய சாவு என்பது காயம், விஷம், நெஞ்சுவலி என ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு எட்டுகிற முடிவு. விழுந்தாரா, குதித்தாரா, தள்ளினார்களா என்பதை எந்த ரத்தமும் சொல்லாது. "காரணம் உறுதியாகச் சொல்ல இயலவில்லை" என்று ஒரு மருத்துவர் எழுதினால், "ஒரு வார்த்தை போட்டுக் குடுங்க சார், ஃபைலை மூடணும்" என்று நிலையத்திலிருந்து போன் வராமல் இருக்க வேண்டும்.

பாட்டிலைப் பற்றி ஒன்று. புதிய பாட்டிலாக இருக்கட்டும். பழையதைக் குழாயடியில் கழுவி எடுத்துப் போனால், அந்தக் குழாய்த் தண்ணீரின் டயாட்டமும் கூடவே போய்விடும். காவலருக்குக் கிணற்றங்கரையில் வேறு வழியில்லை என்றால், அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தடயவியல் மருத்துவர் ஒருவர்