புத்தகம் எடுக்க வந்த பிள்ளையிடம் எதற்கு வரி ரசீது?

போன வாரம் தரம் 9 மாணவி ஒருத்தி ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். பொது நூலக அங்கத்துவ விண்ணப்பம்.

"சேர், இதுல பிணைக்கு ஒரு ஆள் வேணுமாம். சோலைவரி கட்டுற ஆளாம். எங்களுக்கு அப்படி ஒருத்தரும் இல்ல சேர்."

"அதுக்கென்ன மகள், நான் வைக்கிறன்" என்று பேனையை எடுத்துவிட்டேன். படிவத்தை வாசித்த பிறகுதான் தெரிந்தது, என்னாலும் முடியாது. நான் இருப்பது வாடகை வீடு. சோலைவரி கட்டுவது வீட்டுக்காரர். என்னிடம் உள்ள நூலக அட்டைக்கே அவர்தான் பிணை. இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். ஆனால் ஒரு பிள்ளை இரண்டு புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகப் பொறுப்பு நிற்க எனக்குத் தகுதி இல்லை. ஒரு துண்டு காணி இருந்திருந்தால் தகுதி வந்திருக்கும்!

எந்த நூலகம் என்று சொல்லப் போவதில்லை. சபைக்குச் சபை சிறு வித்தியாசம் இருக்கும், ஆனால் நம் நாட்டின் உள்ளூராட்சி நூலகங்கள் பலவற்றின் படிவம் ஏறத்தாழ இதேதான். சபை எல்லைக்குள் வசிக்க வேண்டும், கிராம அலுவலர் அதை உறுதிப்படுத்த வேண்டும், எல்லைக்குள் வரி செலுத்தும் ஒருவர் பிணை நிற்க வேண்டும். வெளியாள் என்றால் சில இடங்களில் வைப்புப் பணம் கட்டலாம்.

வேறொரு மாவட்டத்தில் இது சாதாரண விசயம். மன்னாரில் அப்படி இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அந்தப் பிள்ளையின் வாப்பாவுடைய அடையாள அட்டையில் இன்னும் புத்தளம் விலாசம். பிள்ளை பிறந்ததும் புத்தளத்தில்தான். இங்கே குடியிருக்கும் காணி மூத்தவாப்பாவின் பெயரில். உறுதி எங்கே என்று கேட்டால், 1990 ஒக்டோபரில் வீட்டோடு விட்டுவிட்டு வந்தது. அந்த மாதக் கடைசியில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து நாங்கள் கடல் வழியாகக் கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கினோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் உம்மா அரிசியும் உடுப்பும் எடுத்தார், கடதாசிகளை எடுக்கவில்லை. ஒரு கிழமையில் திரும்பி வந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பதினாலு வயதில் புத்தளத்தில் நானும் இதே மாதிரி ஒரு படிவத்தோடு ஒரு நூலகத்துக்குப் போயிருக்கிறேன். "தம்பி, உங்கட வாக்குப் பதிவு மன்னாரில தானே, முகாம் விலாசத்துக்குத் தர ஏலாது" என்றார்கள். இப்போது என் மாணவியிடம் இங்கே சொல்கிறார்கள்: "உங்கட வாப்பாட பதிவு புத்தளத்தில தானே."

அங்கே நாங்கள் மன்னார் ஆட்கள். இங்கே வந்தால் புத்தளம் ஆட்கள். ஒரே கேள்விக்கு இரண்டு தலைமுறை இரண்டு ஊரில் நின்று தோற்றிருக்கிறது.

இது முஸ்லிம்களின் பிரச்சினை மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். மண்டபம் முகாமிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் கடதாசி சரிசெய்வதற்கே அவர்கள் எத்தனை கந்தோர் ஏறி இறங்குகிறார்கள்! வாடிக்கு வாடி மாறும் மீனவக் குடும்பம், வாடகை அறையில் இருக்கும் தாதி, மலையகத்திலிருந்து வந்து கூலி வேலை செய்பவர், எல்லோருக்கும் இதே கதைதான்.

எல்லைக் கோட்டையும் கொஞ்சம் பாருங்கள். மன்னார் மாவட்டத்தில் ஐந்து உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன. மன்னார் நகர சபை, பிறகு மன்னார், நானாட்டான், மாந்தை மேற்கு, முசலி பிரதேச சபைகள். எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் பேசாலையும் தலைமன்னாரும் நகர சபைக்கு வெளியே. பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் பட்டினத்துக்கு வந்துவிடும் பிள்ளை, படிவத்தின்படி வெளியூர்ப் பிள்ளை. பிரதேச சபைப் பகுதிகளில் எல்லா வீட்டுக்கும் சோலைவரி இல்லை என்பது இன்னொரு விசயம். அபிவிருத்தியடைந்த பகுதி என்று பிரகடனப்படுத்திய இடங்களில்தான் அறவிடுகிறார்கள். வரியே இல்லாத கிராமத்தில் வரி கட்டுகிற பிணையாளியைத் தேடச் சொன்னால் பிள்ளை எங்கே போகும்?

நூலகரை நான் குறை சொல்லவில்லை. அந்த மனுசி மிகவும் தன்மையாகத்தான் பேசினா. "சேர், எனக்கும் கொடுக்க விருப்பம். கணக்கெடுப்பு நேரம் புத்தகம் குறைஞ்சா நான்தானே பதில் சொல்லணும்" என்றா. அது நியாயமான பயம். புத்தகம் பொதுச் சொத்து, அது திரும்பி வர வேண்டும். யாரிடம் இருக்கிறது, எங்கே போய்க் கேட்பது என்று நூலகத்துக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

என் கருத்து இதுதான். நூலகத்துக்குத் தேவையான கேள்வி "புத்தகம் திரும்பி வருமா?" என்பது. படிவம் கேட்பதோ "நீ இந்த ஊர் ஆளா, உனக்கு இங்கே சொத்து இருக்கிறதா?" என்பது. இரண்டும் ஒன்றல்ல. காணி உறுதி உள்ளவரும் புத்தகத்தைத் தொலைப்பார். உறுதி இல்லாதவரும் உறை போட்டுத் திருப்பிக் கொடுப்பார். ஒரு மாணவியைத் தேடிப் பிடிக்கக் கிராம அலுவலர் எதற்கு? வகுப்பறைக்கு வந்தால் போதும். வாரத்தில் ஐந்து நாள் அவள் அங்கேதான் இருக்கிறாள்.

"வரி கட்டுகிறவர்களின் நூலகம்தானே?" என்று சிலர் கேட்கலாம். அந்தப் பிள்ளையின் உம்மா கடையில் வாங்கும் பால்மாவுக்கும் சவர்க்காரத்துக்கும் வரி போகிறது. சபைகளுக்கு அரசாங்கப் பணமும் வருகிறது. சோலைவரி மட்டும்தான் வரி என்பது கணக்கே அல்ல.

வெளியுலகிலும் பாருங்கள். நியூயோர்க் பொது நூலகத்தில் அந்த மாநிலத்தில் வசிப்பவர், வேலை செய்பவர், படிப்பவர், சொத்து வரி கட்டுபவர், இதில் யாராக இருந்தாலும் அட்டை உண்டு. அங்கே வரி பல வாசல்களில் ஒன்று. இங்கே அதுதான் பூட்டு. யுனெஸ்கோவும் சர்வதேச நூலகச் சங்கங்களின் சம்மேளனமும் சேர்ந்து வெளியிட்ட பொது நூலகப் பிரகடனம் 1994 இலும் 2022 இலும் ஒரே விசயத்தைத்தான் சொல்கிறது: வயது, இனம், மதம், தேசியம், மொழி, சமூக நிலை எதையும் பாராமல் எல்லோருக்கும் சமமான சேவை.

நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. இடம்பெயர்ந்தவர் தன் சொந்த இடத்திலேயே வாக்காளராகப் பதிவதற்கு 2013 இல் பாராளுமன்றம் விசேட சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஒருவர் இன்று படுத்துறங்கும் இடமும் அவருக்கு உரிமையுள்ள இடமும் வேறாக இருக்கலாம் என்பதை வாக்குச் சீட்டுக்காக அரசு ஏற்றுக்கொண்டது. நூலக அட்டை வாக்குச் சீட்டை விடப் பெரிய விசயமா?

2023 மார்ச் முதல் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் இயங்கிய சபைகளில் 2025 மே தேர்தலுக்குப் பிறகு மறுபடி உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது நான்கு விசயம்.

1. பாடசாலை மாணவருக்கு அதிபரின் கையெழுத்தும் முத்திரையும் போதும். வேறு பிணை வேண்டாம்.

2. பிணையாளி வரி செலுத்துபவராகத்தான் இருக்க வேண்டும் என்பதை எடுத்துவிடுங்கள். ஆசிரியர், அரச ஊழியர், பள்ளிவாசல் நிர்வாகம், பங்குத்தந்தை, கோயில் தர்மகர்த்தா, யார் பொறுப்பு நின்றாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

3. ஐந்து சபைகளும் பேசி ஒன்றின் அட்டையை மற்றவை ஏற்கட்டும். மாவட்டத்துக்குள் யாரும் வெளியூராள் இல்லை.

4. எந்தக் கடதாசியும் சரியாக இல்லாதவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு புத்தக அட்டை கொடுங்கள். ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தால் முழு அட்டை. அவர் திருப்பித் தந்த புத்தகங்களே அவருக்குச் சான்றிதழ்.

இதற்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், வெளிநாட்டு நிதியும் வேண்டாம். ஒரு தீர்மானமும் ஒரு புதுப் படிவமும் போதும். சில புத்தகங்கள் தொலையும், மறுக்கவில்லை. அலுமாரிக்குள் பூட்டி வைத்தாலும் கறையான் தின்னத்தான் போகிறது.

இப்போதைக்கு என் அட்டையில் இரண்டு புத்தகம் எடுத்து அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன். நான்கு நாளில் முடித்துவிட்டு வந்து நின்றாள். பின்னால் இன்னும் மூன்று பேர்.

"சேர், எங்களுக்கும்…"

என் அட்டையில் இரண்டு புத்தகம்தான் எடுக்கலாம்.

இதை வாசிக்கிறவர்களில் சபை உறுப்பினர்கள் இருக்கிறீர்கள், என்னிடம் படித்தவர்களும் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் யாராவது ஒருவர் இந்தப் படிவத்தைக் கையில் எடுத்து வாசித்துக் காட்டுங்கள். மற்றவர்கள் உங்கள் ஊர் நூலகத்தில் என்ன கேட்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.