வீட்டுக்கு வந்த பாக்!

"பாட்டே இல்லாம என்னடா ஆல்பம்? ரிங்டோனா?"

திருத்தணி லோக்கல்ல, திருவள்ளூர் தாண்டினதும் என் இயர்போன்ல ஒரு பக்கத்தைப் பிடுங்கின நண்பன் அடிச்ச கமென்ட் இது. அன்னிக்குத்தான் பயலுக்கு ரிசல்ட். மூணு அரியர். வீட்ல சொல்லணும். அரக்கோணம் வர்றதுக்குள்ள ஆள் கப்சிப்!

மேட்டர் இதுதான் மக்கா... 1986-ல இளையராஜா போட்ட 'ஹவ் டு நேம் இட்?'. சினிமா இல்லை, பாட்டு வரி இல்லை. 10 பீஸ், முன்னாடி நிக்கிறது வி.எஸ்.நரசிம்மனோட வயலின். சமர்ப்பணம், தியாகராஜருக்கும் ஜெர்மனிக்காரர் பாக்குக்கும். பாக் கண்ணை மூடினது 1750. தியாகராஜர் பிறந்ததே 1767. சந்திக்க சான்ஸே இல்லாத ரெண்டு பேரையும் ஒரே கூடத்துல உட்கார வெச்சுட்டார் ராஜா!

டைட்டில்களே கதை சொல்லும். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. அடுத்து, 'அண்ட் வீ ஹேட் எ டாக்'. அதுக்கடுத்து 'டோன்ட் கம்பேர்'! முதல் பீஸ்ல பாக்கோட வயலின் பார்ட்டிட்டா ப்ரெலூட் தன் பாட்டுக்கு ஓடும். பக்கத்துலயே ராஜாவோட வயலின்கள் வேற வழியில நடக்கும். ரெண்டும் இடிச்சுக்காது. கவுன்ட்டர்பாயின்ட்னு பேராம். எங்க தெருவுல பாட்டி தெலுங்குலயும் பேத்தி தமிழ்லயும் ஒரே நேரத்துல பேசுவாங்களே... ரெண்டு பேருக்கும் எல்லாம் புரியும், அந்த மாதிரி! ('மேட் மாட் மூட் ஃப்யூக்' மட்டும் முதல் தடவை எனக்குத் தலைவலி. மூணாவது தடவைதான் பிடிபட்டுச்சு.)

'கர்நாடிக்கும் இல்லை, வெஸ்டர்னும் இல்லை'னு முகம் சுளிக்கிறவங்க எங்க ஊர் மலைப்படி 365-ம் ஏறிட்டு வரட்டும். முத்துசுவாமி தீட்சிதர் முதல் கிருதி பாடினது இங்கதான்னு சொல்வாங்க. அதே தீட்சிதர்தான் வெள்ளைக்கார பேண்ட் ட்யூன்களுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். இங்கிலாந்து தேசிய கீத மெட்டைக்கூட விடலை! தம்பி பாலுசுவாமி ஐரோப்பியர்கிட்ட வயலின் கத்துக்கிட்டு நம்ம கச்சேரிக்குக் கொண்டுவந்தார். ராஜா செஞ்சது கலப்படம்னா, கச்சேரி வயலினே கலப்படம்தான் பாஸ்!

1988-ல பாலு மகேந்திரா 'வீடு' எடுத்தப்போ, பாட்டே இல்லாத அந்தப் படத்துக்குப் பின்னணியா எடுத்துக்கிட்டது இந்த ஆல்பத்தைத்தான். நரசிம்மன் பிறகு மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் ஆரம்பிச்சு, கிருதிகளை ரெண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோன்னு வாசிச்சார். அதே 1988-ல ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழலோட ராஜா 'நத்திங் பட் விண்ட்' போட்டார். அது அடுத்த வாரம்.

திருத்தணி ஸ்டேஷன்ல இறங்கினோம். "பாட்டு வரி இருந்திருந்தா, 'கவலைப்படாதே'ன்னு ஏதாவது சொல்லிக் கடுப்பேத்தியிருக்கும்டா. இது ஒண்ணும் சொல்லலை, கூட உட்கார்ந்திருந்துச்சு"ன்னான்.

இயர்போனைக் கழட்டிக் குடுத்துட்டு, அப்பாவுக்கு போன் போட்டான்.