சிவப்பு நிறம் சான்றாகாது

ஓர் இணையதளத்தில் மக்கள் எங்கே சொடுக்கினர், எதுவரை உருட்டிச் சென்றனர், சுட்டி எங்கே தங்கியது என்பவற்றைத் தொகுத்து, மிகுந்த இடத்தைச் சிவப்பாகவும் குறைந்த இடத்தை நீலமாகவும் காட்டுவது வெப்ப வரைபடம். வணிகத் தளங்கள் பெரிதும் நம்பும் இக்கருவியை இப்போது ஆய்வேடுகளிலும் காண்கிறோம். 'பயனர் இதையே விரும்புகிறார்' என்று எழுதி, கீழே ஒரு வண்ணப்படத்தை ஒட்டினால் கருத்து நிறுவப்பட்டுவிட்டதாகக் கருதும் போக்கை எதிர்த்தே இதை எழுதுகிறேன்.

தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் வழக்கமான இளநிலைப் படிப்புகளுக்கு 2022 முதல் கியூட் பொது நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கை நடைபெறுகிறது. தமிழ் உட்பட 13 மொழிகளில் தேர்வு உண்டு, விண்ணப்பமோ இணையவழியில்தான். இத்தகைய விண்ணப்பப் பக்கத்துக்கு வெப்ப வரைபடம் எடுத்தால் அதில் யாருடைய கை பதியும்? வீட்டில் கணினி இல்லாத மாணவி பிரவுசிங் சென்டருக்குப் போகிறாள். படிவத்தை நிரப்புபவர் கடைக்காரர். பலருக்கு நிரப்பிப் பழகிய கை அவருடையது. பதிவில் தடுமாற்றமே தெரியாது. 'பக்கம் எளிது' என்று நாம் முடிவு எழுதுவோம். எந்தப் பாடங்களைத் தேர்ந்தோம் என்பதே விளங்காமல் அருகில் நின்ற மாணவி அம்முடிவில் இடம்பெற மாட்டாள். திரைவாசிப்பானையும் விசைப்பலகையையும் கொண்டு இயங்கும் பார்வையற்ற மாணவரும் சுட்டியசைவை எண்ணும் வரைபடத்தில் இல்லை.

பதிவானவற்றுக்கும் ஒரே பொருள் கிடையாது. விருப்பத்தால் அழுத்திய பொத்தானும் சிவக்கும். வேலை செய்யாததால் ஐந்து முறை அழுத்திய பொத்தானும் சிவக்கும். பக்கத்தின் அடிப்பகுதி நீலமாயிருப்பது சலிப்பாலா, வேண்டியது மேலேயே கிடைத்ததாலா? படம் சொல்லாது.

இதனினும் பெரிது ஒப்புதல் பற்றிய கேள்வி. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு இதே தில்லியில் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அரவிந்த் நாராயணன் அவர்களுள் ஒருவர். முன்னணி 50,000 தளங்களுள் குறைந்தது 482 தளங்களில், வருகையாளரின் அசைவுகளை அப்படியே பதிந்து மூன்றாம் தரப்புக்கு அனுப்பும் நிரல்களை உடைய நிறுவனங்களின் குறிமுறை இருந்ததை அவர்கள் காட்டினர். தட்டச்சு செய்து, அனுப்பாமல் அழித்த சொற்கள்கூட அப்பதிவில் சேரக்கூடும். வெப்ப வரைபடம் தரும் சேவைகள் பலவும் இத்தகைய பதிவையும் சேர்த்தே தருகின்றன.

'வரைபடத்தில் எவர் பெயரும் இல்லையே' என்பார்கள். படத்தில் இல்லை, படத்துக்கு முந்தைய சேகரிப்பில் ஒருவரின் ஒவ்வோர் அசைவும் உண்டு. '2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கு விலக்கு அளிக்கிறதே' என்பார்கள். அவ்விலக்கும் நிபந்தனைக்கு உட்பட்டதே. மேலும், சட்டம் தண்டிக்காத செயல் அனைத்தும் ஆய்வறம் ஆகிவிடாது. பத்துப் பேரை நேர்காணக் கையொப்பம் கேட்கும் நாம், பத்தாயிரம் பேரைச் சொல்லாமல் பதிவது எந்த முறையியல்?

கருவியைத் தடை செய்யச் சொல்லவில்லை. வருகையாளருக்கு முன்கூட்டியே தெரிவித்து இசைவு பெறுக. பதிவில் விடுபட்டோர் யார் என்பதை ஆய்வேட்டிலேயே எழுதுக. சிவந்த இடத்தில் என்ன நேர்ந்தது என்று சிலரிடமேனும் நேரில் கேட்டறிக. இம்மூன்றும் இல்லாத இயலை நெறியாளர்கள் திருப்பியனுப்ப வேண்டும்.