அரை வாட் போதும், பரண்ல ஏறுங்க

"நீ ரேடியோதான மாப்ள படிக்கிற? எங்களுக்கு மூணு வாக்கி டாக்கி பாத்துச் சொல்லு."

கார்த்திகை மாசம் ஒரு காலையில என் மாமா போன்ல கேட்டது இது. நான் ஃபைனல் இயர் இ.சி.இ. ஆன்டெனா பேப்பர்ல ஒழுங்கான மார்க்தான். ஆனா இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. உங்ககிட்ட இருக்கா? இருந்தா இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிடலாம். இல்லன்னா வாங்க, நான் பண்ணின தப்பையும் சேர்த்தே சொல்றேன்.

எங்க ஊர் ஏழாயிரம்பண்ணை. பேரைச் சொன்னதுமே ஹாஸ்டல்ல எல்லாரும் "தீபாவளிக்கு வெடி கொண்டு வா"ம்பாங்க. வெடி மட்டும் இல்லீங்க, விவசாயமும் உண்டு. கரிசல் மண்ணு. புரட்டாசியில மக்காச்சோளம் விதைச்சா தையில, மாசியில அறுப்பு. கதிர்ல பால் பிடிக்கிற நேரம் பாத்து சீமைக்கருவேல மரத்துக்குள்ள இருந்து காட்டுப்பன்னி கூட்டமா இறங்கும். தின்னு தீர்க்கிறதைவிட மிதிச்சுச் சாய்க்கிறதுதான் அதிகம். அதனால ராக்காவல். மாமா ஒரு மூலை, சித்தப்பா ஒரு மூலை, பக்கத்துக் காட்டு அண்ணாச்சி ஒரு மூலை. (எங்க பக்கம் "காட்டுக்குப் போறேன்"னா வயலுக்குப் போறேன்னு அர்த்தம். புலியைத் தேடாதீங்க.)

மாமா போன் பண்ணினதுக்கு முந்தின ராத்திரி, சோளத்துக்குள்ள சரசரன்னு சத்தம் கேட்டிருக்கு. பன்னிதான்னு நினைச்சு மாமா ஒரு வெடியைக் கொளுத்தி எறிஞ்சிருக்காரு. வந்தது பன்னி இல்ல, சித்தப்பா. "அந்தப் பக்கம் இறங்கிருச்சு"ன்னு சொல்ல வரப்பைச் சுத்தாம குறுக்கால வந்திருக்காரு. கெண்டைக்கால்ல தீக்காயம், ரெண்டு நாள் காது கேட்கல. முகத்துக்கு நேரா வெடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எங்க ஊர்க்காரங்களுக்கு யாரும் விளக்க வேண்டியது இல்ல.

செல்போன் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. டவர் ஒரு கோடு, சில நேரம் அதுவும் இல்ல. நம்பர் தேடி, ரிங் போயி, அவர் பாக்கெட்ல இருந்து எடுக்கிறதுக்குள்ள பன்னி நாலு சால் தாண்டியிருக்கும். வாக்கி டாக்கியில ஒரு பட்டனை அமுக்கினா மூணு பேருக்கும் ஒரே நேரத்துல கேட்கும். அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் அது இன்னும் சாகாம இருக்கு.

சரின்னு நெட்ல தேடினேன். வர்றது எல்லாம் அமெரிக்காக்காரன் மான் வேட்டைக்குப் போறப்போ கூட்டாளிகளோட பேச வாங்குற செட்டோட பட்டியல். அதுல நல்ல யோசனைகள் இருக்கு, இல்லன்னு சொல்லல. இயர்போன் மாட்டணும், ஏன்னா மிருகத்துக்கு நம்மளைவிடக் காது கூர்மை. பேசி முடிச்சதும் வர்ற "பீப்" சத்தத்தையும், திரை வெளிச்சத்தையும் அணைக்க வழி இருக்கணும். பனியில நனைஞ்சாலும் தாங்கணும். இதெல்லாம் ராக்காவலுக்கும் அப்படியே பொருந்தும். ஆனா தானா குரலைக் கேட்டு ஆன் ஆகிற வாக்ஸ் வசதி வேண்டவே வேண்டாம். காத்துல சோளத்தோகை ஆடினாலே அது பேச ஆரம்பிச்சிடும்.

நான் கவுந்தது அடுத்த விஷயத்துல. பெட்டியில போட்டிருக்கிற தூரம். அங்க 30 மைலுக்கு மேலன்னு கூசாம அச்சடிக்கிறான். நான் ஆன்லைன்ல "10 கிலோமீட்டர், 5 வாட்"னு போட்ட ஒரு சீன செட்டை மூணு வாங்கினேன். நாலு வருஷம் படிச்சும் விளம்பரத்தைப் பாத்துத்தான் வாங்கினேன், வேற எப்படிச் சொல்ல?

இப்போ கணக்கு போடுவோம். ஒன்றரை மீட்டர் உயரத்துல ரெண்டு பேர் கையில செட் இருந்தா, நடுவுல ஒண்ணுமே இல்லாத சமதரையில, ரேடியோ அடிவானம் சுமார் 10 கிலோமீட்டர். பெட்டியில இருக்கிற நம்பர் இங்க இருந்துதான் வருது. பொய்யும் இல்ல, நிஜமும் இல்ல. நிஜத்துல அலை நூல் பிடிச்ச மாதிரி நேர்கோட்டுல போறதில்ல, அதுக்குன்னு ஒரு தடிமன் வேணும். 446 மெகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் 67 சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குப் பாதி வழியில அந்த ஃப்ரெஸ்னல் மண்டலத்தோட ஆரம் கிட்டத்தட்ட 13 மீட்டர். நம்ம செட் இருக்கிறது ஒன்றரை மீட்டர்ல. அப்போ கீழ்ப்பாதி பூராவும் தரைதான், அதுக்கு மேல ஆள் உயரத்துக்குத் தண்ணி நிறைஞ்ச பச்சைத் தட்டை.

இதுல எனக்கே ஆச்சரியமா இருந்தது பவர் கணக்கு. தரையை ஒட்டிப் பேசும்போது சிக்னல் தூரத்தோட நாலாம் அடுக்குல குறையும் (டூ-ரே மாடல், அஞ்சாவது செமஸ்டர், ஞாபகம் இருக்கா?). அப்படின்னா அரை வாட்டை 5 வாட்டா ஆக்கினா, பத்து மடங்கு பவர், தூரம் கூடுறது 1.8 மடங்குக்கும் குறைவு. அதே மாடல்ல ஆன்டெனா உயரத்தை மூணு மடங்கு ஆக்கினா வந்து சேர்ற பவர் 9 மடங்கு கூடும். ஒன்றரை மீட்டர்ல இருந்து நாலரை மீட்டர். அதாவது, ஒருத்தர் பரண்ல ஏறி உக்காந்தா போதும். காசு கொடுத்து வாங்குற 5 வாட்டும், நாலு கம்பும் ரெண்டு சாக்கும் வச்சுக் கட்டுற பரணும் கிட்டத்தட்ட ஒண்ணு. தினைப்புனம் காத்த காலத்துல இருந்து நம்மாளுக மேல ஏறித்தான் உக்காந்தாங்க. அவங்களுக்கு வேற காரணம், ஆனா விடை அதேதான்.

நான் வாங்கின 5 வாட் செட்டுக்கு வர்றேன். தூரம் போகட்டும், அதை வச்சிருக்கிறதே தப்புன்னு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. இந்தியாவுல லைசென்ஸ் இல்லாம வாக்கி டாக்கி பேசுறதுக்கு விட்டிருக்கிறது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள சின்ன இடம்தான். 2018ல வந்த விதி. அந்த இடத்துல மட்டும் வேலை செய்ற, டபிள்யூ.பி.சி. பிரிவோட ஈ.டி.ஏ. சான்று உள்ள செட்டா இருக்கணும். அமெரிக்கப் பட்டியல்ல வர்ற வேட்டை செட்டெல்லாம் 462, 467 மெகாஹெர்ட்ஸ். அங்க சரி, இங்க ஆகாது. என் சீன செட் 136ல இருந்து 174, 400ல இருந்து 520ன்னு எங்க வேணாலும் திருப்பலாம். இப்படி விக்கிறாங்கன்னுதான் 2025 மே மாசம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் தளங்களுக்கு 13 நோட்டீஸ் அனுப்பிச்சு, விக்கிறதுக்குத் தனி வழிகாட்டுதலும் கொண்டுவந்தது.

"யாருடா வந்து பாக்கப் போறா"ன்னு என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனா அரசுத் துறைகள் பேசுற அலைவரிசைகள்ல பலது அந்த ரேஞ்சுக்குள்ளதான் இருக்கு. எஃப்.எம்.ல கேப்சர் எஃபெக்ட்னு படிச்சிருக்கோம்: ரெண்டு சிக்னல் வந்தா பலமானது மட்டும்தான் கேட்கும், மத்தது இருந்த சுவடே தெரியாது. 2021 பிப்ரவரி 12 அன்னைக்கு அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிச்சப்போ எங்க ஊர்ப் பக்கம் முழுக்க தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும்தான். இருபது பேருக்கு மேல செத்துப்போனாங்க. அந்த மாதிரி ஒரு நாள்ல, பக்கத்துல நின்னு ஒருத்தன் 5 வாட்ல "மாமா, டீ கொண்டு வரவா"ன்னு அவங்க சேனல்ல பேசினா? யாரும் பிடிக்கமாட்டாங்கதான். நான் செட்டைத் திருப்பி அனுப்பிட்டேன்.

பட்டாசு பத்திப் பேசினதால இன்னொண்ணு. ஆலைக்குள்ள செல்போனைக் கொண்டுபோக விடமாட்டாங்க, கேட்லயே வாங்கி வச்சிடுவாங்க. வாக்கி டாக்கிக்கும் அதேதான். மருந்துத்தூள் பறக்கிற இடத்துக்குன்னு தீப்பொறி வராம தனியா வடிவமைச்சு சான்று வாங்கின செட்டெல்லாம் இருக்கு, விலையும் வேற, வேலையும் வேற. ராக்காவல் செட்டை இடுப்புல சொருகிக்கிட்டே காலையில மருந்து ரூமுக்கு வேலைக்குப் போறது நடக்கவே கூடாது. எங்க வீட்டுல ராத்திரி காவலுக்குப் போறவரும் காலையில ஆலைக்குப் போறவரும் ஒரே ஆள்தான், அதான் சொல்றேன்.

கடைசியா கொஞ்சம் சங்கடமான விஷயம். நான் 446 செட் வாங்கிட்டேன்னு தெரிஞ்சதும் என்கூட ஸ்கூல்ல படிச்ச ஒருத்தன் போன் பண்ணினான். "எங்களுக்கும் ஒரு ஜோடி சொல்லுடா, சிவராத்திரிக்கு." தெக்கத்திப் பக்கம் உள்ளவங்களுக்குப் புரியும்: நாய், வலை, முயல். அவன் கேட்டது திருட்டுத்தனமா இல்ல, தாத்தா காலத்துல இருந்து நடக்கிற ஒண்ணுன்னு இயல்பாத்தான் கேட்டான்.

நான் சொல்லித் தரல. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைன்னா சுடுறது மட்டும் இல்ல, வலை வைக்கிறது, இரை வைக்கிறது, விரட்டிக் கொண்டுபோறது, அதுக்கு முயற்சி பண்றதுகூட வேட்டைதான். "உன் பக்கம் வருது பாரு"ன்னு பட்டனை அமுக்குறவனும் அதுக்குள்ள வருவான். பன்னி விஷயத்துலயும் இதே கதைதான். காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால சுடலாம்னு 2025ல தமிழ்நாடு அரசு முடிவெடுத்தது வனத்துறைக்குத்தான், நமக்கு இல்ல. எங்க மாமா பண்றது தன் நிலத்துல இருந்து துரத்துறது. வலை இருக்கிற திசைக்கு ஓட்டுறது வேற.

சட்டத்தை விடுங்க. அவன் தாத்தா காலத்துல முயலுக்கு ஒரு வாய்ப்பு இருந்துச்சு: இந்த ஆளுக்கும் அந்த ஆளுக்கும் நடுவுல இருந்த இடைவெளி. ஒருத்தன் பாத்ததை இன்னொருத்தனுக்குக் கத்திச் சொல்றதுக்குள்ள அது போயிடும். ரேடியோ மூடுறது அந்த இடைவெளியைத்தான். இதை நான் மட்டும் சொல்லல. வேட்டையே சட்டப்படி நடக்கிற அமெரிக்காவுல, தியடோர் ரூஸ்வெல்ட் 1887ல ஆரம்பிச்ச பூன் அண்ட் கிராக்கெட் கிளப், ரேடியோவுல வழி சொல்லி அடிச்ச மிருகத்தைத் தன் பதிவேட்டுல சேர்க்காது. மொன்டானா மாதிரி மாநிலத்துல அது சட்டப்படியே தப்பு. வேட்டைக்காரனே ஏமாத்துன்னு சொல்ற ஒரு வேலைக்கு நான் எப்படி மாடல் நம்பர் சொல்றது? அவன் இப்போ என்கூடப் பேசுறதில்ல. அவன் எங்கேயாவது தேடி வாங்கியிருப்பான்னும் தெரியும்.

மாமா கதைக்கு வர்றேன். மார்கழி லீவுல போயி நானே சோளத்துக்குள்ள நடந்து பாத்தேன். ரெண்டு பேரும் கீழ நின்னா 700 மீட்டர் தாண்டினதும் இரைச்சல். அண்ணாச்சி பரண்ல ஏறினதும் ஒரு கிலோமீட்டருக்கு மேல தெளிவாக் கேட்டுச்சு. மூணு காட்டுக்கும் அது தாராளம். சித்தப்பாவுக்குக் காது சரியாயிடுச்சு, தழும்பு மட்டும் இருக்கு.

ஒரே ஒரு பிரச்சினைதான் பாக்கி. மாமா பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடியே பேச ஆரம்பிச்சிடுறாரு. முதல் வார்த்தை போறதே இல்ல. "…பக்கம் இறங்கிருச்சு"ன்னு மட்டும் கேட்கும், எந்தப் பக்கம்னு தெரியாது. அமுக்கிட்டு ஒரு மூச்சு விட்டுட்டுப் பேசுங்கன்னு ஒரு வாரமாச் சொல்லிப் பாத்தேன். இப்போ மூணு பேரும் எந்தச் சேதியையும் ரெண்டு தடவை சொல்றதுன்னு பேசி வச்சிருக்காங்க.