கட்டைவிரல் வழுக்கினால் மொழி மாறும்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான சத்தியவேட்டில், ஜெராக்ஸும் நெட்டும் சேர்ந்த சின்னக் கடை என்னுடையது. ஊர்க்காரர்கள் ஆன்லைன் படிவம் நிரப்ப வருவார்கள். இப்போது பலரும் போனிலேயே முடித்துவிட்டு, பிரிண்ட் எடுக்க மட்டும் வருகிறார்கள். ஆளும் படிவமும் ஒன்றாக இருந்தாலும், போனில் ஒரு பதிலும் கம்ப்யூட்டரில் வேறு பதிலும் வருவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கல்லூரி மாணவி ஒருத்தி கருத்துக்கேட்புப் படிவத்தைப் போனில் நிரப்பியிருந்தாள். ஒவ்வொரு வசதிக்கும் ஐந்து மதிப்பெண் கட்டங்கள். அவள் போன் திரையில் தெரிந்ததோ ‘மிக நன்று’, ‘நன்று’ இரண்டுதான். எல்லாவற்றுக்கும் ‘மிக நன்று’ போட்டிருந்தாள். சப்மிட் செய்யுமுன் என் கம்ப்யூட்டரில் திறந்தபோது, “இதெல்லாம் வேற இருக்கா அண்ணா?” என்றவள், குடிநீருக்கு ‘மோசம்’ என்று மாற்றினாள். முதலில் போட்டது பொய்யில்லை. வலது பக்கம் தள்ளிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆய்வாளர்களும் இதை அளந்திருக்கிறார்கள். ரஷ்ய ஆய்வாளர் ஐகுல் மாவ்லெதோவா 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சொந்த வார்த்தையில் எழுத வேண்டிய கேள்விகளுக்குப் போன்காரர்கள் தந்த பதில்கள் கம்ப்யூட்டர்காரர்களுடையதைவிடச் சிறியவை. போனில் நேரமும் கூட ஆகிறது, பாதியில் கைவிடுவோரும் அதிகம். ஆனால் படிவத்தைப் போனுக்கென்றே அமைத்தால் வித்தியாசம் வெகுவாகக் குறைகிறது. அதனால் குறை போனில் இல்லை, மேசைக் கம்ப்யூட்டரை மனதில் வைத்துப் படிவம் செய்கிறவர்களிடம் இருக்கிறது என்பேன்.

இதை இப்போது எழுதக் காரணம் 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. நாமே ஆன்லைனில் விவரம் பதியலாம். வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளரும் தன் சொந்தப் போனில்தான் பதிவார். 2027 பிப்ரவரிக் கட்டத்தில் தாய்மொழிக் கேள்வி வரும். அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள். ஆங்கில அகரவரிசையில் தமிழ் 20-ஆவது, தெலுங்கு 21-ஆவது. ஒன்றன்கீழ் ஒன்று! பட்டியலை இப்படி அடுக்கினால், ஆறு அங்குலத் திரையில் கட்டைவிரல் கொஞ்சம் வழுக்கினாலும் ஒரு தமிழ்க் குடும்பம் தெலுங்குக் குடும்பமாகிவிடும். எதிர்மாறாகவும் நடக்கலாம்; தமிழ்நாட்டு எல்லைக்குள் ஊத்துக்கோட்டைப் பக்கத்துத் தெலுங்கர்கள் தமிழராகலாம்.

வேறு ஊர்க்காரருக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்கள் ஊர் ஆந்திரத்துக்கு வந்ததே மொழிக் கணக்கால்தான். சென்னை, ஆந்திர மாநிலங்களின் எல்லைத் தகராறில் வந்த படாஸ்கர் தீர்ப்பு கிராமத்தை அலகாக வைத்து, எந்த மொழி பேசுவோர் அதிகம் என்று பார்த்தது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு பகுதி இந்தப் பக்கம் வந்தது. எல்லையை இனி யாரும் நகர்த்தப் போவதில்லை. ஆனால் ஒரு வட்டாரத்தில் 15 சதவீதம் பேர் பேசும் சிறுபான்மை மொழியில் அரசு அறிவிப்புகள் வர வேண்டும் என்ற ஏற்பாடு மொழிச் சிறுபான்மையினருக்கு உண்டு. அந்தச் சதவீதத்தைக் கணக்கெடுப்பைத் தவிர வேறு எங்கிருந்து எடுப்பார்கள்?

நான் கேட்பது பெரிய செலவில்லாத காரியம். மாநிலத்தில் அதிகம் பேசப்படும் நான்கைந்து மொழிகளைப் பெரிய பட்டன்களாக, நல்ல இடைவெளிவிட்டு, அந்தந்த மொழி எழுத்திலேயே காட்டட்டும். தேர்ந்தெடுத்ததும், “தாய்மொழி: தமிழ். சரியா?” என்று மறுபடி கேட்கட்டும். இரண்டும் வராவிட்டால் நம் கையில் ஒரு வழி இருக்கிறது. ஆன்லைனில் பதிந்தால் ஓர் அடையாள எண் கிடைக்கும். சரிபார்க்க வரும் கணக்கெடுப்பாளரிடம் அதைக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது, தாய்மொழி வரியை மட்டும் அவர் போனில் காட்டச் சொல்லி நம் கண்ணால் பார்த்துவிடுவோம். பெரியவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கவும்.